குடிக்காத காசு

அப்பா லிஃப்ட் மெக்கானிக். பழுதான லிஃப்டைச் சரிசெய்யப் போகிறவருக்கு ஏறிப் போக லிஃப்ட் இருக்காது. மோட்டார் அறையோ எந்தக் கட்டடத்திலும் மொட்டை மாடியில்தான் இருக்கும். ஆகவே ஊரிலுள்ள எல்லாரையும் நின்ற இடத்திலிருந்தே மேலே ஏற்றிவிட்ட மனிதர், கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முப்பத்தோரு வருடம் படியேறியே பிழைத்தார். இப்போது வலது முழங்கால் போய்விட்டது. இடது காலில் இரண்டு விரல்கள் இல்லை. விரல்கள் போனது குடியினால். குடி போனது அந்த விரல்களினால்.

அப்போது எனக்குப் பதினாறு வயது. அப்பா பதினெட்டு வருடமாகக் குடித்துக்கொண்டிருந்தார். அடிக்கிற குடிகாரர் இல்லை, வள்ளல் வகை. இரண்டு குவார்ட்டர் உள்ளே போனால் பக்கத்தில் இருப்பவனுக்கு முட்டை வாங்கிக் கொடுப்பார், எதிரில் இருப்பவனுக்குத் தன் குடையைக் கொடுப்பார், யாரென்றே தெரியாதவனுக்கு ஆட்டோவுக்குக் காசு கொடுத்துவிட்டுத் தான் நடந்து வருவார். வீட்டில் அரிசி டப்பாவில் கை விட்டால் தகரம் தட்டுப்படும். அம்மாவின் இரண்டு வளையல்களும் அடகுக்குப் போனவை போனவைதான்.

விரல்கள் போன அன்று மதியம் அவரும் ஸ்பேனரும் மோட்டார் அறையில் உட்கார்ந்து குடித்தார்கள். ஸ்பேனர் என்பது கூட வேலை செய்தவருக்குப் பட்டப்பெயர். எந்த நட்டுக்கும் ஒரே ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வருவாராம். குடித்து முடித்துவிட்டு அப்பா லிஃப்டின் கூரைமேல் இறங்கி, அது ஓடும் தண்டவாளத்துக்கு கிரீஸ் போட ஆரம்பித்தார். கூரையில் ஒரு சுவிட்ச் உண்டு. அதைத் திருப்பி வைத்தால்தான் வெளியே யார் பொத்தானை அழுத்தினாலும் லிஃப்ட் அசையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லித் தருவது அது. அப்பா திருப்பவில்லை. நாலாம் மாடியில் யாரோ கீழே போக அழுத்தினார்கள். லிஃப்ட் நகர்ந்து அப்பாவின் இடது கால் சிக்கியது. மேலே இருந்த ஸ்பேனர் சத்தம் கேட்டு மெயின் ஃபியூஸைப் பிடுங்கியதால் விரல்களோடு போயிற்று.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். முதல் நாலு நாள் கை நடுக்கமும் பிதற்றலும். அதன் பிறகு ஒரு மாதிரி தெளிந்தார். வீட்டுக்கு வந்ததும் சத்தியம் செய்வார், அழுவார் என்று நானும் அம்மாவும் காத்திருந்தோம். அவர் பேனா கேட்டார்.

லிஃப்ட் பரிசோதனைப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் குடிக்கு வருடத்துக்கு எவ்வளவு ஆகிறது என்று எழுத ஆரம்பித்தார். பாட்டில். சோடா. கடலை, முட்டை. சம்பள நாளில் அடுத்தவர்களுக்கு வாங்கிக் கொடுத்தது. தொலைத்த குடை மூன்று. தொலைத்த போன் இரண்டு. மறுநாள் எழுந்திருக்க முடியாமல் போன வேலை நாட்கள். கடைசியாக, "உனக்கு வாங்கின சமாதானத் துணி" என்றார். பெரிய சண்டை வந்தால் மறுநாள் அம்மாவுக்குத் துணி எடுத்து வருவது வழக்கம்.

"அதைச் சேர்க்காதீங்க. அது ஒண்ணுதான் எனக்குக் கிடைச்சது" என்றாள் அம்மா.

அப்பா அந்த வரியை அடித்துவிட்டார். மொத்தத்தை முந்நூற்று அறுபத்தைந்தால் வகுத்தார். நாளுக்கு நூற்று அறுபத்து மூன்று வந்தது. நூற்று அறுபத்தைந்தாக வைத்துக்கொண்டார்.

"இது குடிக்காத காசு. மாசா மாசம் ஒண்ணாம் தேதி தனியா உன் கையில குடுத்துடறேன். உன் பேர்ல பேங்க்ல போடு. புத்தகத்தை என் கண்ணுல காட்டாதே. பார்த்தா ஆசை வரும். நானே கேட்டாலும் குடுக்காதே."

"நீங்களே கேட்டா?"

"நானே கேட்டாத்தான் குடுக்கக் கூடாது."

அப்படித்தான் தொடங்கியது. ஒன்றாம் தேதி மாலை வந்து கால் கழுவியதும் கம்பெனியின் பழுப்புக் கவரை அம்மாவிடம் நீட்டுவார். வீட்டுச் செலவுக்கு வெள்ளைத் தாளில் மடித்த பணம் தனி. பழுப்புக் கவரை அவள் பிரித்து எண்ணக் கூடாது என்பதும் அவர் சட்டம். "எண்ணிட்டேன், நீ எண்ணினா என்னை நம்பலைன்னு அர்த்தம்" என்பார் சிரித்துக்கொண்டே. நடுக்கம் வரும் நேரங்களில் வாயில் கிராம்பு போட்டுக்கொள்வார். சட்டைப் பையெல்லாம் கிராம்பு. கம்பெனியில் இந்தக் கவர் பெரிய வேடிக்கை. "அண்ணே, இன்னிக்கு எவ்வளவு குடிக்கலை?" என்று கேட்பார்களாம்.

கவரில் இருக்கும் தொகை வருடத்துக்கு ஒருமுறை, சில வருடம் இருமுறை கூடும். "விலை ஏறிடுச்சு. நாளுக்குப் பத்து கூட்டியிருக்கேன்" என்று சொல்லிக் கொடுப்பார். பாட்டில் விலை ஏறினால், குடிக்காமல் மிச்சமாகும் காசும் ஏறத்தானே வேண்டும் என்பது அவர் நியாயம். விலை ஏறியது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. அம்மா யோசித்தாள். ஆனால் கேட்கவில்லை.

பத்தொன்பது வயதில் நான் வெளியேறினேன். முதலில் வெளிநாட்டில் ஒரு படிப்பு. அதைப் பாதியில் விட்டேன். பிறகு ஒரு விடுதியின் வரவேற்பு மேஜை, ஒரு பழத்தோட்டம், ஒரு கப்பலின் சமையலறை, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. எந்த ஊரிலும் ஒரு வருடம் தாண்டவில்லை. சம்பளம் வந்தது, போதவில்லை. விசாவுக்கு, டிக்கெட்டுக்கு, புது ஊரில் அறைக்கு முன்பணம் கொடுக்க, வேலை போன மாதங்களில் சாப்பிட, அம்மாவிடம் கேட்பேன். இரண்டு நாளில் வந்துவிடும். அம்மா ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறவள். "சம்பளத்துல சேர்த்து வச்சது" என்பாள். "அப்பாகிட்ட சொல்லிக்காதே. அவருக்கு எதுக்கு வீண் கவலை." நான் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆறு வருடம் கழித்துத் திரும்பி வந்தேன். வந்த இரண்டாவது மாதம் ஒப்பந்தக்காரர் ஒருவர் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். பதினோரு கட்டடங்களில் லிஃப்ட் பராமரிப்பு அவர் கையில் இருந்தது. கண் பார்வை மங்கிவிட்டதால் கொடுத்துவிட்டு ஒதுங்க நினைத்தார். ஆறு லட்சம் கேட்டார். வெளியே விட்டால் எட்டுக்குப் போகும். அப்பாவின் கை வேலை தெரியும் என்பதால் ஆறு. மாதக் கடைசிக்குள் முழுப் பணமும் வேண்டும்.

அப்பாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. கம்பெனி இன்னும் இரண்டு வருடம் வைத்திருக்கும், முழங்கால் அதுவரை தாங்காது. ஒப்பந்தம் கையில் இருந்தால் படியேற ஆள் வைத்துக்கொள்ளலாம். அன்று மாலை அவர் செருப்பைக் கழற்றும் முன்பே பேசத் தொடங்கினார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்தது அவர் குடித்த காலத்தில்தான்.

"பேங்க் புத்தகத்தை எடு" என்றார் அம்மாவிடம்.

"அது பீரோல எங்கேயோ இருக்கு. தேடணும்."

மறுநாள் கேட்டார். சாவி மருந்துக் கடையில் மாட்டிக்கொண்டது. அதற்கு மறுநாள் பேங்க்கில் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அப்பா எதையும் சந்தேகப்படவில்லை. தன் சொல்லுக்கே அவள் கட்டுப்பட்டு நிற்கிறாள் என்று பெருமையாகக்கூட இருந்திருக்கும் அவருக்கு. "உங்கம்மா பாரு, நான் கேட்டாலும் அசைய மாட்டேங்கிறா" என்று என்னிடம் கண் சிமிட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா கட்டிலில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா மேஜைமேல் ஒரு தாளை விரித்து, ஒன்பது வருடத்தையும் கணக்குப் போட்டு முடித்திருந்தார்.

"ஏழு லட்சத்து எழுபத்தெட்டாயிரம் வருது. வட்டி தனி. ஆறு அவருக்கு. மிச்சத்துல ஒரு பழைய வண்டி. முழங்காலுக்கு ஊசி போட்டுக்கலாம், டாக்டர் சொல்லிட்டே இருக்கார்."

"நானே கேட்டாலும் குடுக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது குடிகாரன் கேட்டா. இப்ப நான் கேட்கிறேன்."

அம்மா தலையணை உறை ஒன்றை இரண்டாக மடித்தாள். நான்காக, எட்டாக. இனி மடிக்க அதில் இடமில்லை என்றானபோது சொன்னாள்.

"நாப்பத்தோராயிரம் இருக்கு."

"நான் மொத்தத்தைக் கேட்டேன்."

"மொத்தமே அவ்வளவுதான்."

அப்பா தாளைப் பார்த்தார். எங்கோ ஒரு சுழி விட்டுப் போயிற்றா என்று பார்ப்பவர்போல விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். பிறகு, "மிச்சம்?" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை போன வழியே திரும்பி அப்பாவும் என்னைப் பார்த்தார்.

"உன் சம்பளம்னு சொன்னியேம்மா" என்றேன்.

"நீ நம்பினியா? எனக்கு என்ன சம்பளம்னு உனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துல படிக்கும்போது அதை எண்ணி எண்ணிக் குடுத்தவளே நீதானே."

தெரியும். அந்தச் சம்பளத்தில் ஒரு டிக்கெட்டின் பாதிகூட வாங்க முடியாது என்று தெரியும். ஆறு வருடத்தில் ஒருநாள்கூட உட்கார்ந்து கூட்டிப் பார்க்கவில்லை. கூட்டினால் கேட்க வேண்டி வரும். கேட்டால் வருவது நின்றுவிடும். நான் செய்தது அதுதான், வேறு பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை.

"ஏன்?" என்றார் அப்பா. என்னை விட்டுவிட்டு அம்மாவைத்தான் கேட்டார்.

"எப்படியும் கரையப்போற காசுன்னு நெனச்சேன்."

"நான் எங்கே கரைச்சேன்?"

அம்மா உறையைக் கீழே வைத்தாள். "நீங்க குடிச்சுக்கிட்டுதானே இருக்கீங்க?"

அப்பா சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"மொத வருஷம் நம்பினேன்" என்றாள். "முழுசா நம்பினேன். அப்புறம் மாடிவீட்டு அத்தை வந்து சொன்னாங்க, உங்க வீட்டுக்காரரைக் பிராந்திக் கடை வாசல்ல பார்த்தேன்னு. நான் அவங்களோட சண்டை போட்டேன். அடுத்த மாசம் அவங்க பையனும் பார்த்தான். அதுக்கு அடுத்த மாசம் நானே உங்க பின்னாடி வந்தேன். எதிர்ப்பக்கம் செருப்புக் கடை ஓரமா நின்னேன். நேரா கடைக்கு முன்னாடி போய் நின்னீங்க. அண்ணாந்து பார்த்தீங்க. அதுக்கு மேல பார்க்க எனக்குத் தெம்பில்லை. திரும்பி வந்துட்டேன். நீங்க வீட்டுக்கு வந்தா வாயெல்லாம் கிராம்பு. அந்த மாசமே, விலை ஏறிடுச்சு, பத்து கூட்டியிருக்கேன்னு குடுத்தீங்க. குடிக்கிறவனுக்குத்தானே விலை ஏறினது தெரியும்?"

"விலை பார்க்கத்தான் போனேன்."

"என்ன?"

"கடைக்கு மேல பலகை வச்சிருக்கான். அதுல விலை போட்டிருக்கும். மாசக் கடைசியில போய்ப் பார்ப்பேன். ஏறியிருந்தா கையில எழுதிக்குவேன். கணக்கு சரியா இருக்கணும் இல்லையா?"

அம்மா அவரையே பார்த்தாள். "இதை யார்கிட்டயாவது சொல்லிப் பாருங்க. எவனாவது நம்புவானா?"

"நான் தள்ளாடிப் பார்த்தியா? ஒரு நாள்? ஒரே ஒரு நாள்?"

"கெட்டிக்காரர் ஆயிட்டீங்கன்னு நெனச்சேன். அளவோட குடிக்கக் கத்துக்கிட்டீங்க, ஓவர்டைம் காசுல குடிக்கிறீங்க, என் வாயை அடைக்கத்தான் இந்தக் கவருன்னு நெனச்சேன். ஒவ்வொரு ஒண்ணாம் தேதியும் அதை வாங்கும்போது எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? லஞ்சம் வாங்குற மாதிரி இருக்கும்." அவள் குரல் ஏறவில்லை. "சரி, லஞ்சம்தான்னு ஆகிப்போச்சு, இதையும் ஒருநாள் கேட்டு வாங்கிட்டுப் போய்க் குடிச்சுத் தீர்ப்பாரு, அதுக்குள்ள இது எதாவது ஆகட்டும்னு இவளுக்கு அனுப்பினேன். நான்தான் இந்த ரெண்டு ரூமைத் தாண்டலை. இவளாவது போய்ப் பார்க்கட்டும். பதினெட்டு வருஷம் என் பங்கையும் சேர்த்துக் குடிச்சீங்க. எனக்குத் தப்பாத் தெரியலை."

அப்பா நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். பணத்தைப் பற்றித்தான் பேசப் போகிறார் என்று எண்ணினேன்.

"அப்ப நான் குடிக்காம இருந்தது இந்த வீட்டுல யாருக்குமே தெரியாது" என்றார்.

மறுநாள் வேலை முடிந்து வந்தவர் வாசலிலேயே நின்று அம்மாவைக் கூப்பிட்டார். "வா. கடைக்காரன்கிட்டயே கேளு."

"அந்த வாசலுக்கு நான் வர மாட்டேன்."

"அப்ப நீ வா" என்றார் என்னிடம். வழியெல்லாம் எனக்கு முன்னால் நாலடி தள்ளியே நடந்தார்.

ஆறு மணி. கம்பிக் கதவுக்குப் பின்னால் கடைக்காரர், முன்னால் ஒரு இருபது பேர். ஒரு பெண் வந்து நின்றதும் வரிசை ஒரு பக்கமாக ஒதுங்கியது. வாசலுக்கு மேலே பலகை இருந்தது. வெள்ளைப் பெயின்ட்டில் எழுதி, அழித்து, மேலேயே எழுதி, எண்கள் தடித்துப் போயிருந்தன.

கடைக்காரர் அப்பாவைப் பார்த்ததும், "என்னண்ணே, இந்த மாசம் சீக்கிரமே வந்துட்டீங்க? இன்னும் ஏத்தலையே" என்றார்.

"இது என் பொண்ணு. நான் உன்கிட்ட எப்பவாவது வாங்கியிருக்கேனா? இதுகிட்ட சொல்லு."

"இவரா?" கடைக்காரர் கம்பிக்கு இடையில் முகத்தை வைத்தார். "இவர் வாங்குறதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன்மா. மொதல்ல வந்தப்ப ஆபீசர்னு நெனச்சேன். பலகையைப் பார்க்கிறாரு, எழுதிக்கிறாரு, போறாரு. பயத்துல மூணு மாசம் சரியான விலைக்கு வித்தேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "எங்களுக்காகத் தினமும் வாங்கண்ணே" என்றான் ஒருவன். கடைக்காரர் மறுபடி என்னிடம், "இங்க எல்லாரும் விலை பார்க்கிற அண்ணன்னுதான் சொல்லுவோம். ஏன்மா, வீட்டுல எதாவது பிரச்சினையா?" என்றார்.

அப்பா திரும்பி நடந்தார்.

வீட்டுக்கு வந்து கடைக்காரர் சொன்னதை அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு குழாயை மூடினாள். "அந்தக் கடைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள். அடுத்த அறையில் இருந்த அப்பாவுக்கும் அது கேட்டிருக்கும்.

மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. என் கேமராவையும் லேப்டாப்பையும் விற்றேன். பயணத்தில் பழகிய நாலு பேருக்குப் போன் செய்து கூசாமல் கேட்டேன். இருவர் அனுப்பினார்கள், ஒருத்தி எண்ணையே மாற்றிவிட்டாள் போலிருக்கிறது, இன்னொருவன் நீளமாக அறிவுரை எழுதினான். எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அப்பாவுக்கு முன்னால் வைத்தேன்.

"இது என்ன?"

"மீதியையும் எப்படியாவது..."

"எங்கேயிருந்து? எத்தனை ஊர்ல கடன் சொல்லப் போற?" அவர் பணத்தைத் தொடவில்லை. "இதை வச்சு ஒரு லிஃப்டுக்குக் கதவு மாத்தலாம். பதினோரு கட்டடம் வராது. எடுத்து வை."

"அப்பா, எனக்குத் தெரிஞ்சிருந்தா..."

"உனக்குத் தெரியாதுன்னு நான் சொல்லலையே."

அவர் அதை அதட்டிச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

ஒப்பந்தக்காரர் வீட்டுக்கு அவர் தனியாகப் போய்விட்டு வந்தார். அங்கே என்ன பேசினார் என்று சொல்லவில்லை. எங்களுக்கு அது ஸ்பேனர் வழியாகத் தெரிந்தது. இருபத்தொன்பதாம் தேதி மாலை ஸ்பேனர் ஒரு பெட்டி இனிப்போடு வந்து நின்றார். மச்சான் பங்கு போட்டான், மனைவி தன் நிலத்தை விற்றாள், ஒப்பந்தம் அவர் கைக்கு வந்துவிட்டது.

"அண்ணே, நீங்க எடுப்பீங்கன்னுதான் நான் ஒதுங்கி நின்னேன். சத்தியமா. நீங்க வேண்டாம்னு சொன்னதா அவர் சொன்னாரு, எனக்கே நம்ப முடியலை. அந்தக் குடிக்காத காசு என்னாச்சு? ஒன்பது வருஷம் ஆச்சே."

அம்மா சமையலறை வாசலில் நின்றாள். நான் ஜன்னல் ஓரம் நின்றேன்.

"பொண்ணு படிப்புக்குப் போட்டுட்டேன்" என்றார் அப்பா. "வெளிநாட்டுப் படிப்பு. சும்மாவா?"

"அதானே பார்த்தேன்." ஸ்பேனர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். "நல்லா படிச்சியாம்மா?"

"ம்" என்றேன்.

"பாருங்கண்ணே, நீங்க ஒன்பது வருஷம் குடிக்காம சேர்த்தீங்க, நான் ஒன்பது வருஷம் குடிச்சுத் தீர்த்தேன். கடைசியில நான் முதலாளி." அவர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லாததைப் பார்த்துச் சட்டென்று அடங்கினார். "நான் ஒரு மடையன். எதையாவது உளறிடறேன். அண்ணே, நான் வந்ததே வேற விஷயத்துக்கு. கம்பெனியை விட்டுட்டு என்கிட்ட வந்துடுங்க. படி ஏற வேண்டாம். கீழ நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைப் பண்ணு, அதைப் பண்ணுன்னு சொன்னா போதும். எனக்கு இப்பவும் வயர் நிறம் குழம்புது, உங்களுக்குத் தெரியாததா?"

"சம்பளம் எவ்வளவு?" என்றார் அப்பா.

ஸ்பேனர் சொன்னார். கம்பெனி கொடுப்பதைவிட இரண்டாயிரம் அதிகம். அப்பா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ஒண்ணாம் தேதிக்குள்ள குடுத்துடணும். இழுக்கக் கூடாது" என்றார். ஸ்பேனர் எழுந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஒரு காலத்தில் மெயினைப் பிடுங்கி அப்பாவின் உயிரைக் காப்பாற்றியவை ஸ்பேனரின் அந்தக் கைகள்தான். அப்பா மெதுவாகத் தன் கைகளை உருவிக்கொண்டு, "டீ குடிச்சுட்டுப் போ" என்றார்.

அவர் போனதும் அம்மா, "ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"வேற என்ன சொல்லணும்? எம்பொண்டாட்டி என்னை நம்பலைன்னு சொல்லணுமா?"

அதற்குப் பிறகு அவர் சாதாரணமாகத்தான் இருந்தார். கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கவில்லை. உப்புக் குறைந்தால் உப்பு கேட்டார். புது வேலையில் சேர்ந்தார். நான் அதே அலுவலகத்தில், லிஃப்ட் நின்றுவிட்டது என்று வரும் போன்களை எடுத்துக் குறிக்கும் வேலை கேட்டேன். ஸ்பேனர் உடனே கொடுத்தார். பதினோரு கட்டடங்களின் பெயரும் காவலாளிகளின் எண்ணும் இப்போது எனக்கு மனப்பாடம். தகவலைத் தாளில் எழுதி அப்பாவிடம் நீட்டுவேன். வாங்கிப் படித்துவிட்டு, "எத்தனாவது மாடி?" என்று கேட்பார். "உள்ளே ஆள் இருக்கா?" என்பார். என்னிடம் அவர் பேசுவது அவ்வளவுதான். மூன்று மாதத்தில் நான்கு முறை எனக்கு வேறு ஊர் விளம்பரங்கள் கண்ணில் பட்டன. ஒருமுறை விண்ணப்பம்கூட நிரப்பினேன். அனுப்பவில்லை.

அவர் ஸ்பேனரிடம் வாங்கிய முதல் சம்பளத்தோடு வந்த ஒன்றாம் தேதியைச் சொல்ல வேண்டும். கால் கழுவிவிட்டு வந்து, வெள்ளைத் தாளில் மடித்த வீட்டுப் பணத்தை மேஜைமேல் வைத்தார். அம்மா வழக்கமான இடத்தில் நின்றிருந்தாள். மருந்துக் கடையில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் சட்டையை மாற்றிக்கொள்ளத் திரும்பினார்.

"அது?" என்றாள்.

"அது இனிமே இங்க வராது."

"பேங்க்ல உங்க பேர்லயே போடுங்க. நான் தொட மாட்டேன். புத்தகத்தை நீங்களே வச்சுக்கோங்க."

அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

அம்மா அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூடக் கேட்காததை அன்று கேட்டாள்.

"குடிக்கப் போறீங்களா?"

அப்பா திரும்பினார். அந்தக் கேள்விக்காக எத்தனையோ வருடம் காத்திருந்துவிட்டு, அது வந்தபோது பதில் சொல்ல விருப்பமில்லாமல் போனவர்போல நின்றார்.

"நீயே முடிவு பண்ணிக்கோ" என்றார். "இவ்வளவு நாளும் நீதானே பண்ணினே."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா மேஜைமேல் இருந்த பணத்தை எடுத்து எண்ணத் தொடங்கினாள். பாதியில் எண்ணிக்கை தவறியது. முதலிலிருந்து எண்ணினாள். மறுபடியும் தவறியது. நான் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.